ஸ்ட்ரைக் போர்டு

8.7.91, திங்கள்

கங்காவின் கையில் இன்று ஒரு புதுப் பந்து. பாதி மஞ்சள், பாதி நீலம். மணிக்கட்டு சரியாக மடங்கினால் நடுக்கோடு அசையாமல் சுற்றுகிறது, தப்பினால் தள்ளாடுகிறது. நான் ஒரு வருடமாகத் தொண்டை வறளக் கத்தியதை அந்தப் பந்து சும்மா காட்டிவிட்டது.

யார் கொடுத்தது என்று கேட்டேன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஸ்கூலுக்குப் புதிதாக வந்திருக்கிற பி.டி. டீச்சராம். கங்கா சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். சாஃப்ட்பால் என்றால் என்னவென்றே தெரியாதவளை இந்தச் சுங்குவார்சத்திரம் கிரவுண்டில் வைத்து, பந்தெறிகிற பிட்சர் ஆக்கியது நான். பந்து மட்டும் அந்த டீச்சர் கொடுப்பாளாம்.

பெயரை 'ஸு' போட்டுத்தான் எழுத வேண்டுமாம், ஸுப்ரஜா. என் டைரியில் சுப்ரஜாதான். அது போதும் அவளுக்கு.

13.7.91, சனி

மாவட்ட அணிக்கான பயிற்சி சுப்ரஜாவின் கிரவுண்டில். போயிருக்கக் கூடாது. அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறாராம், பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறார். கம்பியில் ஒரு வலை தொங்குகிறது. முழங்காலுக்கு மேலே, அக்குளுக்குக் கீழே, பந்து எங்கே போனால் ஸ்ட்ரைக்கோ, அதாவது சரியான எறியோ, அங்கே மட்டும் பைகள் தைத்திருக்கிறது. உச்சியில் ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' என்று சிவப்பு எழுத்து. கங்கா போட்ட பந்து நடுப்பையில் போய் உட்கார்ந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் கிரவுண்டில் அப்படி ஒருநாளாவது சிரித்திருக்கிறாளா?

நான் கொண்டுபோனது இரண்டு பொருள். கையை இழுத்துப் பழக ஒரு சைக்கிள் டியூப். அப்புறம் வீட்டுக்காரரின் சாக்ஸ், உள்ளே பழைய பந்தைப் போட்டு முடிந்தது, மணிக்கட்டால் மட்டும் எறிந்து பழக. சுப்ரஜா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருக்கறத வெச்சுண்டே நன்னா பண்றேள் டீச்சர்" என்றாள்.

இருக்கறத வெச்சுண்டே! சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது.

14.7.91

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.

19.7.91, வெள்ளி

அடுத்த வருடம் கங்கா அந்த ஸ்கூலிலேயே சேர்ந்துவிடுவாளோ? இன்று பேச்சோடு பேச்சாக, "அங்க ப்ளஸ் ஒன் இருக்குது மிஸ்" என்றாள். வேறு பிட்சர் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அந்த ஸ்கூலை நடத்துகிற கம்பெனியில்தான் அவர் ஃபிட்டர். வீணாகப் போகிற குழாயில் ஒரு சட்டம் அடித்து, உள்ளே சாக்கைக் கட்டித் தரச் சொன்னேன். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றார். மேலே ஒரு தகரம் வைத்து, சிவப்பு பெயின்டில் 'ஸ்ட்ரைக்' என்று எழுத வேண்டும் என்றேன்.

"எழுத்து இன்னாத்துக்குடி? பந்து படிக்கப் போவுதா?"

"அவ வலைல கீதுல்ல."

தமிழில், அதைவிடப் பெரிதாக எழுதச் சொன்னேன்.

25.7.91, வியாழன்

ஐயோ. பாழாய்ப்போன என் வாய்.

ஷிஃப்ட் முடிந்து சட்டத்தை சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டில் வாட்ச்மேன் தசரதன் தகரத்தைப் படித்துவிட்டு, "இன்னா எல்லப்பா, எப்பலேர்ந்து?" என்று கேட்டிருக்கிறான். போனஸ் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருக்கிற நேரம். பின்னால் வந்தவர்களும் எப்பலேர்ந்து, எப்பலேர்ந்து என்று சூழ்ந்துகொண்டார்கள். யாரோ கோஷமே போட்டுவிட்டான். பர்சனல் ஆபீசர் ஓடி வந்திருக்கிறார்.

"சாஃப்ட்பாலுக்கு சார்" என்றாராம் இவர்.

"பாலுக்கா? கேன்டீன் பால்ல இன்னாய்யா குறை?" என்றாராம் அவர்.

விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட், சட்டத்தையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். யூனியன்காரர்களும் கோபமாக இருக்கிறார்கள். தங்களைக் கேட்காமல் ஸ்ட்ரைக் அறிவிக்க இவர் யார் என்று.

வீட்டுக்கு வந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட தேவலை.

29.7.91, திங்கள்

ஆபீசரைப் பார்க்கப் போனேன். தசரதன் கேட்டைத் தாண்டி விடவில்லை. கம்பெனி ஸ்கூல் டீச்சர் யாராவது வந்து சொன்னால் கேட்பார்கள் என்றான்.

யாராவது. அந்த ஸ்கூலில் எனக்கு யாரைத் தெரியும்?

அவள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? வேலை போனால் இவர் எங்கே போவார்? நாளைக்குப் போகிறேன். சீ, என்ன பிழைப்பு.

30.7.91, செவ்வாய்

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க வலையைப் பார்த்த வயித்தெரிச்சல்லதான் எழுதச் சொன்னேன்" என்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்துப் பேச வரவில்லை. சுப்ரஜா வலையைக் கழற்றிச் சுருட்டி ஆட்டோவில் வைத்து, "ஏறுங்கோ" என்றாள்.

ஆபீசர் தகரத்து எழுத்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், நம்பவில்லை. பொறுமை போய்விட்டது அவளுக்கு. டைம் ஆபீஸ் வாசலில் வலையை மாட்டி, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பந்தை விட்டாள். நடுப்பை! அப்படி ஒரு கை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. வீட்டுக்காரர் வேலை ஊசலாடும்போதும் எனக்கு அதுதான் தோன்றியது, என்ன ஜென்மமோ நான்.

"இதுக்குப் பேருதான் ஸ்ட்ரைக்காம்மா?" என்றான் தசரதன். ஆபீசர் சிரித்துவிட்டார்.

நாளைக் காலை ஷிஃப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் திரும்பும்போது நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

10.8.91, சனி

சட்டம் வந்து சேர்ந்தது. வார்த்தை மேல் கம்பெனியே வெள்ளை பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறது. வெயிலில் பார்த்தால் அடியில் சிவப்பு லேசாகத் தெரிகிறது. கங்கா எறிந்தாள். பந்து குழாயில் பட்டு டங்கென்றது. "வலைல இந்த சத்தம் வராது மிஸ்" என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ. ப்ளஸ் ஒன் அங்கேதான் சேரப் போகிறாள், அதையும் இன்றே சொல்லிவிட்டாள். சேரட்டும் என்றேன். சொல்லத்தான் முடிந்தது.

சாயங்காலம் ஸுப்ரஜா டீச்சர் வந்தார். அவர் ஸ்கூலுக்கும் ஒரு சட்டம் வேண்டுமாம், எழுத்து இல்லாமல். சாக்ஸ் முடிச்சு எப்படிப் போடுவது என்றும் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் போட்டுவிட்டார், என்னைவிட இறுக்கமாக. அதற்கும் எரிந்தது.

மேலே இப்போதுதான் பார்க்கிறேன். கை தானாக 'ஸு' போட்டிருக்கிறது. அடிக்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன். சரி, இருக்கட்டும்.