தண்ணீர் டாங்க் வரை போய்வர

மார்ச் 4, செவ்வாய்
பேட்டரி வண்டி இன்றும் காலை வாரிவிட்டது. மருத்துவமனைக்குப் போய்வர நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முப்பத்தாறிலேயே படுத்துக்கொண்டது. மீதி ஆறையும் தள்ளிக்கொண்டு வந்தேன். போன வருடம் இதே எண்பது சதவீத சார்ஜில் நாற்பத்தைந்து ஓடிய வண்டி.

மார்ச் 5, புதன்
வேலை முடிந்து போகும் வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி சார்ஜ் போட்டேன். திரும்பும்போது கடை மூடியிருக்கும். முக்கால் மணி நேரம் அங்கேயே போயிற்று. பார்வை நேரமே ஒரு மணிதான். மனைவி பக்கத்தில் உட்கார்வதற்குள் நர்ஸ் வந்து கிளம்பச் சொல்லிவிட்டார்.
"வண்டியும் என்னை மாதிரியே ஆயிடுச்சா?" என்று சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 8, சனி
டயரில் காற்று சரி. பிரேக் உரசவில்லை. பின் சார்ஜ் எங்கேதான் போகிறது?
பழைய நோட்டைப் புரட்டினேன். தண்ணீர் டாங்க் வரை போய்வர: நான் மட்டும், எட்டு சதவீதம். இருவர், பதினொன்று. அன்று இதை அவளிடம் காட்டியதும், "பொண்டாட்டி வெயிட்டை இப்படியா எழுதி வைப்பாங்க? மனுஷனா நீங்க?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு
போகவில்லை. வண்டி சரியில்லை என்று போனில் சொன்னேன். பொய். டாக்டர் நேற்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை வைத்துக்கொண்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பாவம், பழி வண்டி மேல்.

மார்ச் 12, புதன்
மெக்கானிக் கேட்டார், எவ்வளவு சார்ஜ் போடுவீர்கள் என்று. எப்போதும் எண்பதோடு நிறுத்திவிடுவேன், பேட்டரி ரொம்ப நாள் உழைக்கட்டும் என்று பெருமையாகச் சொன்னேன்.
"ஒரு தடவைகூட முழுசா ஏத்தினதில்லையா? அண்ணே, அப்பப்போ நூறு ஏத்தி அப்படியே விட்டு வைக்கணும். அப்பத்தான் உள்ள இருக்கிற செல்லெல்லாம் சமமாகும். பாத்துப் பாத்து நீங்களே கெடுத்துட்டீங்க."
வேறு எதையெல்லாம் இப்படிக் கெடுத்தேன்? பத்திரமாக இருக்கட்டும் என்று பிரிக்காமலே வைத்த போர்வை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிய கடற்கரை. அவள் கேட்டது எல்லாமே— எழுத வரவில்லை.

மார்ச் 15, சனி
மூன்று நாளாக நூறு. மருத்துவமனை போய்வந்தும் இருபத்தைந்து மீதி. காலையில் தனியாக டாங்க் வரை ஓட்டிப் பார்த்தேன். அதே பழைய எட்டு.
ஒரு மணி நேரம் முழுசாக அவளோடு இருந்தேன். பேட்டரி செல் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

மார்ச் 19, புதன்
வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். குணமாகி அல்ல.

மார்ச் 23, ஞாயிறு
"டாங்க் வரைக்கும் ஒரு சுத்து போலாமாங்க?" அவளேதான் கேட்டாள். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சால்வையால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மெல்ல உருட்டினாற்போல் ஓட்டினேன். "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்றாள். வழக்கமான வேகத்துக்கு வந்தேன்.
இறங்கும்போது, "எவ்வளவு குடிச்சுது உங்க வண்டி?" என்றாள்.
"பதினொண்ணு."
"பாத்தீங்களா, இன்னும் வெயிட்டாத்தான் இருக்கேன்."
அவளைப் படுக்க வைத்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினேன். இருவர், எட்டு.