ரத்தம் எடுக்கும் முன் நிறுத்திய ரொட்டி

அன்புள்ள எர்காஷ் அவர்களுக்கு,

முதுகுவலி குறைந்ததா? மாஸ்கோவில் நானும் என் துடைப்பமும் சுகம்.

நம் செவாராவுக்குக் கோதுமை ஒவ்வாத நோய் இல்லை, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது என்றீர்கள். கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். நேற்று பிள்ளையே போனில் சொல்லிவிட்டாள்: "ரெண்டு மாசமா அப்பா அரிசிப் புலாவுதான் போடுறாரு, ரொட்டியே இல்ல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரும்மா."

ரொட்டியை நிறுத்தினால் நோய் இருந்தாலும் ரத்தத்தில் தெரியாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே, நடிகரே! "தெனமும் ரொட்டி திங்கிறாடி" என்றது எந்த வாய்? அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்க முடியவில்லை என்றால், அதை என்னிடம் சொல்வதற்கென்ன? நான் கல்நெஞ்சக்காரியா?

டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மறுபடி ரொட்டி கொடுக்கச் சொல்வார். நான்கு வயதுப் பிள்ளை அதே வலியை இன்னொரு முறை அனுபவிக்கவேண்டும்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. தினமும் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். எப்படி இருக்கிறாள் என்று இனி அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

ஹோலிதா