தேய்த்து வைத்த டாலர்

எழில்,

மாமல்லபுரம் கடைக்குக் கம்மல் கொடுக்கப் போகிறேன். குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. மீனை மட்டும் நீ வறுத்துக்கொள். ஓவனில் பப்ஸ் சூடு பண்ணாதே, அது கிளே நகை சுடுவதற்கு மட்டும். சாருலதா டீச்சர் வந்தால், தைத்த பிளவுஸ் மெஷின் மேலேயே இருக்கிறது, கொடுத்துவிடு.

ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டாய். கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

போட்டோவில் கைரேகை அசிங்கமாகத் தெரிகிறது என்று நேற்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயே, அந்த நீல டாலர் விற்க வைத்ததல்ல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உன் அம்மா, "இன்னாடி இது, சப்பாத்தி மாவாட்டம் கீது" என்று இன்னும் சுடாத அந்தக் கிளேயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அதன் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. அதை அப்படியே சுட்டு வைத்தேன். கயிறு கோத்து, அவர் தெவசத்தன்று உன் கழுத்தில் போடலாம் என்றிருந்தேன்.

மாடியில் துணி காய்கிறது, மழை வந்தால் எடு.

பவானி

பி.கு. தேய்ப்பதற்கு முன் எடுத்த போட்டோ உன் கேமராவில் இருக்கும். அசிங்கமாகத்தான் இருக்கும். அழித்துவிடாதே.