தாய்வழி என்ற பழி

என் கூடப்பிறந்த லாத்தா,

இன்று காலை கல்முனைச் சந்தையில் ஒரு கடைக்காரர் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார். அந்த வாசம் பட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றெல்லாம் நிற்க முடியாத உங்கள் மகனின் கால்களை அந்த எண்ணெயால் நீங்கள் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மாமி, மச்சானின் தாய், கதவடியில் நின்று சொல்வார்: "தாய் வழியால வந்த நோய்க்கு எண்ணெய் பூசி என்ன செய்ற?"

நோய் இழைமணியில், உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியாவில் என்று டொக்டர் சொன்னார். இழைமணி தாயிடமிருந்து வருவது என்று யாரோ சொன்னார்கள். மாமிக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் கொழும்பில் டொக்டர் சோதனை முடிவை விளங்கப்படுத்தியபோது மச்சானோடு நானும் இருந்தேன். இழைமணிக்குள் இருக்கும் சுவாச நொதியம் ஒற்றைத் துண்டல்ல. தனித்தனியே உருவான புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் அது முழுமையாகும். ஒன்று முதலில் அமர்ந்தால்தான் அடுத்தது பொருந்தும். உங்கள் மகனுக்கு அப்படி ஒரு புரதம் பழுது. மற்றவை வந்தும் சேர வழியின்றிச் சிதைந்தன. அந்தப் புரதத்துக்கான மரபணு இழைமணியில் இல்லை, கலத்தின் கருவில் இருக்கிறது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கொடுத்தால்தான் இந்த நோய் வரும்.

வந்த கையோடு உங்களிடம் சொன்னேன். "அவர் ஒண்டும் செல்லல்லயே, புள்ள" என்றீர்கள். அவர் கடைசிவரை சொல்லவேயில்லை. உங்கள் சீதன வீட்டில் குடியிருந்து, உங்கள் கையால் சோறு தின்று, தாய்க்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார். மகன் மௌத்தாகி மண்ணுக்குள் போனான். பிறகு நீங்களும் அந்தப் பழியோடேயே போனீர்கள்.

போன வெள்ளி ஜும்மா முடிந்தபின் மாமி வந்தார். உங்கள் மகளைத் தன் மகளின் மகனுக்குப் பெண் கேட்டார். "எங்கட ரெத்தத்தில ஒரு கொறயும் இல்ல. புள்ளைகள் சுகமாப் பொறக்கும்" என்றார்.

எனக்கு உச்சி கொதித்தது. "முதல்ல ரெண்டு பேரும் ரெத்தம் சோதிக்கட்டும், மாமி. பழுது உங்கட பக்கமும் இரிக்கி" என்றேன்.

மாமி கத்தத் தொடங்க, உங்கள் மகள் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள். "வாப்பா, டொக்டர் என்ன சொன்ன? நீங்க செல்லுங்க."

மச்சான் நிலத்தைப் பார்த்தார். "ஓம். ரெண்டு பேராலயும்தான்."

மாமி எழும்பிப் போய்விட்டார். கலியாணப் பேச்சும் அதோடு நின்றது. உண்மை வெளிவந்துவிட்டதே, இனியாவது ஆறு என்கிறார்கள் எல்லாரும். எனக்கு ஆறவில்லை, நான் ஆறவும் மாட்டேன். அந்த ஒரு வார்த்தை இத்தனை காலமும் அவர் வாயிலேயே இருந்திருக்கிறது, லாத்தா. நீங்கள் அவருக்குப் பக்கத்தில்தானே இருந்தீர்கள்.