கரித் தராசில் வைத்த பிரசாதம்

அக்கா,

பக்கத்து வீட்டில் கல்யாணம். பந்தல் சமையலுக்கு ஒரு வண்டி சவுக்குக் கட்டை வந்து வாசலில் இறங்கியிருக்கிறது. காலைத் தூறலில் நனைந்த கட்டையிலிருந்து புளிப்பாக ஒரு வாசனை வருமே, அது சன்னல் வழியாக உள்ளே வந்தது. என் வீட்டில் இப்போது காஸ் அடுப்பு. விறகு வாசனை மூக்குக்கு மறந்தே போயிருந்தது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த எனக்கு, நீ விறகு நிறுத்து விற்ற அந்த விறகுத் தொட்டி அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. கூடவே உன்மேல் இருக்கிற கோபமும் வந்தது.

பேத்தியின் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து இது. நீ உயிரோடு இருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வந்து படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

எனக்கு முப்பத்தாறு வயது அப்போது. நாலாவது பிள்ளை பிறந்தபின் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் போல ஒன்று புடைத்துக்கொண்டது. இருமினால் வலி, குனிந்தால் வலி. என் வீட்டுக்காரர் அரக்கோணத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்.

“குடல் எறங்குதும்மா. தைச்சுத்தான் ஆவணும். ஆனா இந்த வயித்துல தையல் நிக்காது. பதினாலு கிலோ கொறைச்சிட்டு வா” என்றார் டாக்டர். நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “குடல் உள்ள சிக்கிக்கிச்சின்னா, திருத்தணியிலேர்ந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிபோயிடும்” என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். என் மடியில் ஏழு மாசக் குழந்தை இருந்தது. அது டாக்டரின் மேசை மேலிருந்த மணியை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் எண்பத்து நாலு கிலோ. திரும்பும் வழியில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவள் அரக்கோணத்தில் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அண்ணி உக்காந்து எழுந்தா பலகைக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கணும்” என்றாள். காப்பி பாதியில் இருந்தது. வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றுவரை நான் சொல்லவில்லை.

குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். குறைகிறதா என்று எதில் பார்ப்பது? ஆளை நிறுக்கிற எந்திரம் நம் ஊரில் எங்கே இருந்தது? மலைமேல் முருகன் கோயில் மடைப்பள்ளிக்கு விறகும் தண்ணீரும் சுமப்பது என் வீட்டுக்காரர் பரம்பரையின் வேலை. விறகு எடுக்க உன் தொட்டிக்கு வருகிறவர் உன்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மறுநாளே நீ ஆள் அனுப்பினாய். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனபின், வாசல் படலில் ஒரு கோணியைக் கட்டித் தெருவை மறைத்துவிட்டு, விறகுத் தராசின் பலகையைக் காட்டினாய்.

“இன்னாமே முழிக்கிறே. உக்காரு. சங்கிலி ரெண்டு மாட்டையே தாங்கும்.”

நான் உட்கார்ந்தேன். மறு பக்கம் நீ இரும்புக் கல்லாக எடுத்து வைத்தாய். நகரிப் பக்கத்துப் பெண் நீ. கோபம் வந்தால் தெலுங்கு, கணக்கென்றால் வீசை. கிலோ என்று சொல்வதற்கே உனக்கு வாய் கோணும். எனக்காக அதையும் படித்துக்கொண்டாய். கிருத்திகைக்குக் கிருத்திகை வந்தால் போதும், நடுவில் வராதே என்று சொல்லிவிட்டாய். “தெனம் நிறுத்தா கட்டைகூட கொறையாது” என்றாய்.

முதல் இரண்டு மாசம் வெண்ணெய் உருகுகிற மாதிரி உருகினேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். காலையில் கேழ்வரகுக் கூழ். பளு தூக்காமல் மெதுவாக ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு விடிகாலையில் மலைப்படி ஏறினேன். முன்னூற்று அறுபத்தைந்து படி. முதல் நாள் நாற்பதாவது படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மாசத்தில் மேலே போய்விட்டேன். எண்பத்து நாலு எண்பதானது, எண்பது எழுபத்தேழானது. ஒவ்வொரு தடவையும் நீ கல்லை எடுத்துக் கீழே போடும் சத்தம் எனக்கு மேளச் சத்தம் போல இருந்தது.

அதற்குமேல் நின்றுபோனது.

மூன்றாவது கிருத்திகைக்கு எழுபத்தேழு. நாலாவதுக்கும் எழுபத்தேழு. ஐந்தாவதுக்கு எழுபத்தெட்டு. அதே கூழ், அதே படி, முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். பலகையிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். “போதும் அக்கா. என் ஒடம்பு இவ்ளோதான். குடல் சிக்கினா சிக்கட்டும்” என்றேன். நீ வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எதிரே குந்தினாய்.

“இந்தத் தராசு எம்மாமனார் காலத்துது. பொய் சொல்லாது. பொய் வேற எங்கனாச்சும்தான் இருக்கணும். நேத்து இன்னா தின்னே, சொல்லு.”

“காலையில கூழு. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, கீரை. நைட்டுக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமேவா?”

“ஆங். பிரசாதம் மட்டும்.”

“எவ்ளோ?”

“பிரசாதத்துக்கு இன்னா அளவு கேக்கறே நீ?”

நான் உண்மையாகத்தான் கேட்டேன் அக்கா. எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் மடைப்பள்ளியிலிருந்து தூக்கு நிறைய வரும் பங்கு. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, சில நாள் வடை. என் மாமியார் காலத்திலிருந்து அது சாப்பாட்டில் சேராது. விரத நாளில்கூட அதைச் சாப்பிட்டால் விரதம் முறியாது என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் தோஷம், மிச்சம் வைத்தால் அதைவிடத் தோஷம். பிள்ளைகள் தின்றதுபோக அடித்தூக்கு என்னுடையது. வழித்துத் தின்றுவிட்டு, ராத்திரி நான் பட்டினி என்று நெஞ்சறிய நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி வரும்போது வழியில் நிறுத்தித் தூக்கை வாங்கிக்கொண்டாய். எனக்குச் சொல்லி அனுப்பினாய். நான் ஓடிவந்தபோது கரி நிறுக்கும் சின்னத் தராசில், பிள்ளைகள் பங்கை எடுத்தபின் எனக்கு மிஞ்சும் அளவை ஒரு மந்தாரை இலையில் வைத்திருந்தாய். தட்டைச் சுற்றிலும் கரித்தூள். விறகு பிளக்கிற இரண்டு ஆட்கள் கோடாலியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“முக்கா கிலோ. நெய்யோட” என்றாய். “முருகன் குடுத்தது ஒரு வாய். மிச்சத்த தின்னது நீ.”

அந்த ஆட்கள் சிரித்தார்கள். அதுதான். நீ சொன்னது அல்ல, அவர்கள் சிரித்தது. “சாமி சோத்த கரித் தராசுல வைக்கிறியே, உன் கை வெளங்குமா” என்று கத்திவிட்டு, இலையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வந்து, உன்மேல் இருந்த கோபத்தில் அதை முழுவதும் தின்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பது நாள் உன் தெருப் பக்கம் வரவில்லை. மலைக்குப் போக அந்த வழிதான் கிட்டம். நான் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். விறகு எடுக்க வரும் என் வீட்டுக்காரரிடம் நீ சொல்லி அனுப்புவாய்: “தராசு காலியாத்தான் தொங்குதுன்னு சொல்லு தம்பி.” அவர் வந்து அப்படியே ஒப்பிப்பார். 

ஆனால் உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. பிரசாதத்தை ஒரு மாசம் குறைத்துக் காட்டுகிறேன், எடை அசையப்போவதில்லை, அப்போது அந்த இரண்டு ஆட்கள் முன்னால் உன்னைக் கேட்கிறேன் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லப் பயம். மறுநாளே மலைமேல் கூட்டத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மாள் பிரசாதம் வாங்கியதைப் பார்த்தேன். மூன்று விரலால் எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊரில் இருப்பவர்களுக்காம். நானும் மூன்று விரல் எடுத்தேன். அடித்தூக்கைக் கொண்டுபோய்ப் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வைத்தேன். முதல் வாரம் ராத்திரியில் வயிறு நாயாகக் கத்தியது. கத்தும்போதெல்லாம் அந்த ஆட்களின் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன்.

ரவிக்கை தொளதொளத்தது. குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு? அரிசி மண்டிக்குப் போய்க் கேட்டேன். “மூட்டைக்குத்தாம்மா தராசு” என்று அந்த ஆளும் சிரித்தான். அவனையும் மறக்கவில்லை. ஊரில் எனக்கு இருந்தது ஒரே தராசு, அது உன்னிடம் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வந்தேன். படலில் கோணி கட்டியிருந்தது. வெளியே வெயிலில் குந்தியிருந்த ஆள், அந்த இருவரில் ஒருவன், என்னைப் பார்த்ததும் முணுமுணுத்தான்: “வந்துட்டியாம்மா. நாப்பது நாளா சாப்பாட்டு நேரம் ஆனா கோணி கட்றது, அவுக்கறது. நெழல்ல குந்த வுடாம தொரத்திக்கினு இருக்குது இந்தம்மா.”

உள்ளே நீ பலகையைத் துடைத்துவிட்டாய். நான் உட்கார்ந்தேன். ஐந்து கிலோக் கல்லை எடுத்துக் கீழே போட்டாய். தட்டு சமமாக நின்றது. எழுபத்து மூன்று.

“சாமி கோவிச்சிக்கல போலக்குது” என்றாய்.

“நான் கோவமாத்தான் இருக்கறேன். உன்ன மன்னிக்கல.”

“மன்னிக்காத. இன்னும் மூணு கிலோ கெடக்குது. இந்தக் கோவம் நல்லா காஞ்ச கட்டைமே. தண்ணி ஊத்தி அணைச்சிடாத.”

அந்த மூன்று கிலோதான் உயிரை வாங்கியது. முதல் ஏழு கிலோ போன நேரத்தைவிட அதற்கு அதிக நாள் ஆனது. ஒரு மாசம் அரைக் கிலோ போனது, ஒரு மாசம் அதுவும் இல்லை. அசையாத மாசத்தில் நீ ஆறுதல் சொல்லமாட்டாய். “கூடலையே, அப்றம் இன்னா” என்பாய். சில நாள், கேட்காமலே, “முக்கா கிலோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாய். எனக்கு உச்சந்தலை வரை ஏறும். விடுவிடுவென்று மலைப் பக்கம் நடப்பேன். வேண்டுமென்றே செய்தாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

அரக்கோணத்தில் தைத்தார்கள். தையல் நின்றது. பெட்டியில் வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டு ரயிலேறி நீ என்னைப் பார்க்க வந்தாய். நாத்தனாரும் வந்திருந்தாள். “அண்ணி எளைச்சிட்டாங்களே” என்றாள் அவள். நான் அவளுக்குப் பதில் சொல்லாமல் உன்னிடம் பேசினேன். நீ அதைக் கவனித்துச் சிரித்தாய்.

மடியில் கிடந்த அந்தக் குழந்தைக்குப் போன வருசம் கல்யாணம் ஆகிவிட்டது அக்கா. கனகம்மாசத்திரத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் பெரியவளான சடங்குக்கு நீ வந்தவள், கல்யாணத்துக்கு இல்லை. மஞ்சள் காமாலையில் நீ போனபோது பெண்கள் எல்லாரும் உன் காலடியில் விழுந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சுவரோரம் நின்றேன். பிணத்தோடு சண்டை போடமுடியாதே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எனக்குச் சர்க்கரை. திரும்பவும் ஒரு டாக்டர், திரும்பவும் குறைக்கச் சொல்கிறார். மூன்று மாசமாக ஊசிமுனை அளவும் நகரவில்லை. மருமகள் நல்லவள். “வயசாயிடுச்சி அத்தே, போதும் வுடுங்க, இவ்ளோ பண்ணதே பெருசு” என்கிறாள். அவள் அப்படி இதமாகப் பேசினால் அன்றைக்கு நான் நடக்கப் போவதில்லை. படுத்துவிடுகிறேன். பிறகு உன் முகம் நினைவுக்கு வரும், அந்தத் திரும்பிக்கொள்ளும் முகம். எழுந்து செருப்பைத் தேடுவேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்றைக்குத் தாள் கிழித்தேன். வயசாகிவிட்டது, மனசில் இருப்பதை இறக்கி வைத்துவிடலாம் என்றுதான். ஆனால் நாளைக் காலையும் நான் நடக்க வேண்டுமே, அக்கா. அதனால் எழுதவில்லை.