தேத்தண்ணி நிறச் சப்பாத்து

தம்பி,

என் கைப்பை நாறுகிறது. இன்று காலை மொண்டெல்லோக் கடற்கரைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாள். ஹோட்டலில் உடுப்பு மாற்றும் அறையில் ரொசால்யா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன் பைக்குள் என்ன செத்துக் கிடக்கிறது?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடிக்கத் தோன்றியது. உன் சப்பாத்துத்தான் கிடக்கிறது. ஒற்றைச் சப்பாத்து. வேர்வை, பழைய தேயிலை, நீ முழங்காலுக்குப் பூசும் தைலம் எல்லாம் கலந்து மணக்கும் ஆட்டச் சப்பாத்து. அதை வெளியே எடுத்து வைக்க எனக்கு இன்னும் நேரம் வரவில்லை.

எனக்கு அருவருப்புக் கூடுதல் என்பது உனக்குத் தெரியும். ஊர்பேர் தெரியாதவர்களின் தலைமயிரைக் குளியல் தொட்டியிலிருந்து வழித்தெடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் வீட்டில் இன்னொருவர் வாய்வைத்த கோப்பையைத் தொடமாட்டேன். "அக்கா வேலைக்காரி, அக்கான்ர மூக்கு மட்டும் பெரிய வீட்டு இத்தாலிச் சிஞ்ஞோரா" என்று நீ நக்கலடிப்பாய். இப்படிப்பட்ட ஒருத்திக்குத்தான் கடவுள் பாலே ஆடுகிற தம்பியைக் கொடுத்தார்.

உன் கால்கள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. கறுத்துச் செத்த நகங்கள், வெடித்த குதிக்கால், வெடிப்பை மூட நீ ஒட்டிக்கொள்ளும் பசை. சுற்றுப்பயணம் முடிந்து வந்ததும் சோபாவில் விழுந்து இரண்டு காலையும் என் மடியில் போடுவாய். ஒருநாள் சின்னவிரல் நகம் கழன்று என் பாவாடையில் விழுந்தது. நான் கத்தின கத்தலில் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். மேடையில் உன்னைப் பார்த்தவர்கள் பாரமே இல்லாதவன் என்றார்கள். அந்தக் கால்களின் பாரம் என் மடிக்குத் தெரியும்.

உன் தொழிலின் மினுக்கத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. எனக்கு வந்ததெல்லாம் உன் தொலைபேசிக் கதைகள். ஊருக்கு ஒரு மேடை, மேடைக்கு ஒரு குளிர். பஸ்ஸில் இருந்தபடியே காலைத் தூக்கி முன்சீற்றில் வைத்து நீட்டுவாய். விடுதி அறையின் சூடாக்கியில் காயும் இறுக்கக் காற்சட்டை, அதன் பக்கத்திலேயே டின்மீனும் பிஸ்கட்டும். முதல் நத்தாருக்குக் கிறிஸ்மஸ் பாலேயில் உனக்குக் கிடைத்த வேஷம் எலி. உனக்கு முன்னால் எத்தனை பேர் வேர்த்து ஊற்றினார்களோ தெரியாத ஒரு எலித்தலையை உன் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். "உள்ளுக்கு ஆற்றையோ மூச்சு இன்னும் இருக்கு அக்கா" என்றாய். அன்று நான் இராச்சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். நீயோ சிரித்தாய். உனக்கு அது ஆட்டம். மேடையில் நிற்க விட்டால் போதும் என்று இருந்தாய்.

பிறகு அந்தத் தேத்தண்ணிச் சட்டி. ஒரு கோடையில் நீ வந்து நின்றபோது குசினிக்குள் போகிறேன், நாங்கள் தேயிலை கொதிக்க வைக்கும் சட்டியில் இரண்டு சப்பாத்து மிதக்கிறது. நீ அகப்பையால் கிண்டிக்கொண்டு நிற்கிறாய்.

"சீ! என்னடா விசரா, நாங்கள் குடிக்கிற சட்டியெல்லோ!"

"புதுச் சப்பாத்து அக்கா. இன்னும் கால் வைக்கேல்லை."

"காலில போடுறதுதானே!"

"கத்தாதை. இதைப் பார் முதல்ல."

சாயம் போடாத இன்னொரு சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காலில் போட்டாய். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, விரலை நீட்டிக் காட்டினாய். அடுத்த ஆட்டத்தில் எல்லாருக்கும் வெறுங்கால், பாதத்துக்கு மட்டும் தோல்நிறச் சப்பாத்து என்று கொம்பனியில் கொடுத்தார்களாம். பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது, தோல்நிறம் என்று. யாருடைய தோல் என்று எழுதவில்லை. உன் காலில் அது வெளிறின ரோசாவாகத் தெரிந்தது.

"பாத்தியே, கணுக்காலோட என்ர கால் முடிஞ்சு போகுது. கீழை வேற ஆற்றையோ பாதத்தை வெட்டி ஒட்டின மாதிரிக் கிடக்கு. கால் எண்டால் தொடையில இருந்து பெருவிரல் மட்டும் ஒரே கோடாப் போகவேணும்."

காயவைத்தாய், பார்த்தாய், திரும்பவும் ஊறவைத்தாய். வெளிறிப் போனது, பிறகு கூடிப் போனது. கடைசியில் ஒரு பின்னேரம் சப்பாத்தைக் கெண்டைக்காலோடு சேர்த்துப் பிடித்தாய். எங்கே கால் முடிகிறது, எங்கே சப்பாத்துத் தொடங்குகிறது என்று தெரியவில்லை. "எங்கட தேயிலையெல்லோ, எங்கட நிறம்தான் தரும்" என்று குசினிக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாய். அதற்குப் பிறகு அந்தச் சட்டியில் நான் தேத்தண்ணி வைக்கவில்லை. அது உன் சட்டியாகிப் போனது.

அடுத்த பருவத்தில் கோவில், பாம்பாட்டி, ராசா என்று இந்தியாவைக் கனவில் மட்டும் கண்டவர்கள் செய்த பழைய பாலே ஒன்றைப் போட்டார்கள். உனக்குச் சந்தோசம். இதிலாவது பூச்சு இல்லாமல் நிற்கலாம் என்றாய். ஆண்கள் எல்லாரும் மேலுடம்பு வெறுமையாக வரிசையில் நிற்க, ஒருத்தி வாளியும் பஞ்சுமாக வந்து மண்ணிறம் பூசினாளாம். உன்னையும் அவர்களோடு நிறுத்தி, தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாளாம். நீ வேறுமாதிரித் தெரிகிறாய், வரிசை கெடுகிறது என்று சொல்லிப் பஞ்சை வாளிக்குள் தோய்த்தாளாம்.

"அக்கா, இண்டைக்கு எனக்கும் பூசினவை."

"உனக்கோ? ஏன்?"

"நான் காணாதாம். இன்னும் கொஞ்சம் இந்தியனா வரவேணுமாம்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அலுமாரிக்குள் போனோடு தலையை விட்டுக்கொண்டு நின்றேன். எலித்தலையைவிட, கழன்ற நகத்தைவிட அந்தப் பஞ்சுதான் எனக்கு அருவருப்பு. நீ வீட்டுக்கு வந்தபோது காதுக்குப் பின்னால் அது அப்பிக்கொண்டிருந்தது. தலையணை உறையில் செம்மஞ்சள் கறை. அம்மா ஊறப்போட்டுத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

உன் சொந்த முகத்தோடு நீ ஆடினதை நாங்கள் பார்த்தது அதற்குப் பிறகுதான். இளவரசனின் நண்பன் வேஷம். நானும் அம்மாவும் பஸ் பிடித்து, இந்தத் தீவிலிருந்து கப்பலில் கடலைத் தாண்டி, அக்கரையில் ஒரு ஊருக்கு வந்தோம். நீ மேடைக்கு வந்ததும் அம்மா, "ஐயோ, கால்சட்டை போடாமலோ வந்து நிக்கிறான்?" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விரல் இடுக்கால் பார்த்தார். பிறகு கையை எடுத்தே விட்டார். எல்லாரும் துள்ளினார்கள், இறங்கினார்கள். நீ மட்டும் கொஞ்சம் பிந்தி இறங்கினாய். திரும்பி வரும்போது கப்பலில் அம்மா சொன்னார், "அவன்ர கழுத்தைப் பாத்தியே. அப்பான்ர கழுத்து. அப்பிடியே." அப்பா போன பிறகு அம்மா அந்தக் கழுத்தைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

கழுத்து என்றால் உனக்கும் பைத்தியம்தானே. நான் வேலையால் கூனிக்கொண்டு வந்தால் தோளில் தட்டுவாய். "தோள் கீழை, கழுத்து மேலை, அக்கா." இத்தாலி வீடுகளைத் துடைத்துத் துடைத்து எங்கள் சனம் எல்லாம் கூனிப் போச்சு என்பாய்.

பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் அந்த வான் உன் ஸ்கூட்டரை இடித்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன், அது உனக்குத் தெரியவேண்டும்.

கண்ணீர் அஞ்சலிக்குப் படம் வேண்டுமென்று எங்கள் பங்குக் கோவில் மண்டபத்துக்குப் பொறுப்பான மரியதாஸ் அங்கிள் வீட்டுக்கு வந்தார். மாதா திருநாளுக்கு மண்டபத்தில் ஒரு ஆட்டம் ஆடவா என்று நீ கேட்டபோது, "ஆம்பிளைப் பிள்ளை உள்ளதெல்லாம் தெரிய ஆடுறதுக்கு இது இடமில்லை" என்று சொன்ன அதே மரியதாஸ் அங்கிள். உன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில் மேலுடம்பு வெறுமை, ஒன்றில் இறுக்கக் காற்சட்டை. "இதொண்டும் போடேலாது பிள்ளை" என்றார். நீ அந்தரத்தில் நிற்கும் படம் ஒன்றை எடுத்து யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தேத்தண்ணி ஆறுவதற்குள் படம் திரும்பி வந்தது.

சாம்பல் கோட், சிவப்பு டை. பின்னால் நீல மேகம், மெழுகுதிரி, புறா. கோட்டுக்கு மேலே உன் தலை. முகத்தை நன்றாக வெளுத்துவிட்டிருந்தார்கள், உதட்டுக்கு ரோசாச் சாயமும். துள்ளும்போது எடுத்த படம் என்பதால் கண் மேலே பார்த்தது, கோட்டுக்குள் வைத்தபோது கூரையில் ஒட்டறை தேடுகிறவன் போலிருந்தாய். அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். போனவருசம் மோசம்போன ஆசீர் ஐயாவும் அதே கோட், அதே டை. இந்தப் பங்கில் செத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே உடம்புதான். வெட்டி ஒட்டின பாதத்தையே பொறுக்காத உன்னை, தம்பி, கழுத்தோடு வெட்டி ஒட்டிவிட்டார்கள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அதோடு நிற்கவில்லை. உதவி செய்கிறேன் என்று அங்கிள் அதே படத்தைக் கல்லறைக் கல் செய்யும் கல்கடையிலும் கொடுத்துவிட்டார். இங்கே கல்லறையில் பெயருக்குப் பக்கத்தில் முட்டை வடிவப் பீங்கானில் முகத்தைச் சுட்டு வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். மழைக்கும் அழியாது, வெயிலுக்கும் மங்காது. நானும் அம்மாவும் போன பிறகும் அந்தக் கோட்டுக்காரன்தான் நீயாக இருப்பான். மாற்றுவோம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"விடு பிள்ளை" என்றார். "அவனை ஒருநாளாவது கோட்டோட பாக்க எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. கலியாணத்துக்குப் போடுவான் எண்டு நினைச்சன்."

சுடவேண்டாம், பொறுங்கள் என்று கல்கடைக்கு மட்டும் சொல்லி வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். வாசலில் ஆள் உயரத்துக்கு அந்தப் படத்தைத் துணியில் அடித்துக் கட்டியிருந்தார்கள். அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட சமூகத்தின்ர பெருமை, இத்தாலி மேடையில தமிழனின்ர பேரை நிமித்தின பிள்ளை" என்று முழங்கினார். சனம் ரோல்ஸ் கடித்துக்கொண்டு தலையாட்டியது. உன் ஆட்டத்தை ஒருதரமும் பார்த்திராதவர்கள், பார்க்கவே கூசினவர்கள், எண்ணெய்க் கையோடு அந்தக் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அம்மா அதுவரை அந்தப் படத்தைப் போனில்தான் பார்த்திருந்தார். பெரிதாகப் பார்ப்பது அப்போதுதான். முன்னால் போய் நின்றார். கூப்பிட்டேன், வரவில்லை. கையைத் தூக்கி டை முடிச்சின் மேல் வைத்தார், அங்கேயே தடவினார்.

"பிள்ளை, கழுத்து எங்கை?"

"என்னம்மா?"

"என்ர பிள்ளையின்ர கழுத்து எங்கை?"

அங்கிள் ஒலிவாங்கியை வைத்துவிட்டு ஓடி வந்தார். "அது கொலருக்குள்ள போயிருக்கும் அக்கா."

"இல்லை. இது ஆரோ" என்றார் அம்மா. "ஆரோ ஒருத்தன்ர தோளில என்ர பிள்ளையின்ர முகத்தை வைச்சிருக்கிறியள். உதைக் கழட்டுங்கோ."

ஒருவரும் கை வைக்கவில்லை. ஒரு பக்கக் கயிற்றை நான் அவிழ்த்தேன், மறுபக்கத்தை அம்மா அவிழ்த்தார். உன்னோடு ஆடின ஒருவன் மேடை ஓரத்திலிருந்து எடுத்த படத்தை அன்று இரவே அம்மா தெரிவு செய்தார். தலைமயிர் நெற்றியில் ஒட்டி, தோள் வெறுமையாக, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாய். கழுத்து முழுதாகத் தெரிகிறது. "வேர்வையோடயே இருக்கட்டும்" என்றார்.

அதை எடுத்துக்கொண்டு நேற்றுக் கல்கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், உன் வயதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா, முகம் கறுப்பு. சூளையில் இன்னும் கறுக்கும். கொஞ்சம் வெளுப்பாக்கி விடுகிறேன், எல்லாருக்கும் அப்படித்தான் செய்து கொடுப்பது."

பையைத் திறந்து உன் சப்பாத்தை எடுத்தேன். இப்படி ஒருவர் கேட்பார் என்று தெரிந்துதான் கொண்டு போயிருந்தேன். அவருடைய பளிங்கு மேசையில், மாதிரிக்கு வைத்திருந்த, சிறகு விரித்த சம்மனசுகளுக்கு நடுவில் வைத்தேன்.

"இந்த நிறம்" என்றேன். "கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவர் முகத்தைச் சுளித்துப் பின்னால் போனார். எனக்குக் கோபம் வரவில்லை, அவருக்கும் மூக்கு இருக்கிறதுதானே. பிறகு கிட்ட வந்து சப்பாத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஒன்றோடொன்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். திரும்பவும் மணந்து, "தேயிலையா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

நிறம் பார்க்கச் சப்பாத்தை விட்டுப் போகச் சொன்னார். மாட்டேன் என்றேன். பீங்கான் சூளையால் வந்ததும் கூப்பிடுவார். நான் போய்ச் சப்பாத்தை உன் தோளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியாமல் இருந்தால்தான் கல்லில் ஒட்ட விடுவேன். இல்லாவிட்டால் திரும்பவும் சுடட்டும். அதுவரை பை நாறட்டும். ரொசால்யா மூக்கைப் பொத்தட்டும், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழும்பிப் போகட்டும். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, தோளைக் கீழே விட்டு, கழுத்தை மேலே விட்டு இருந்து போவேன்.

அக்கா