பெயர்க் கோடு

ஜூன் 4, செவ்வாய்
மகப்பேறு விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக, பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்க ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வட தாய்லாந்தின் இந்த லம்பாங் ஊரில் வேறு யாரும் அகப்படவில்லை போலும். வருகைப் பதிவில் "நத்தனிச்சா" என்றேன். பதில் இல்லை. வரவில்லை என்று குறித்தேன். வகுப்பே சிரித்தது. அவள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.
பக்கத்துப் பெண் பிளா எழுந்தாள். "சார், அவ பேரை இப்பத்தான் மாத்துனாங்க. அவளுக்கே இன்னும் பழகல. வீட்டுப் பேரு சோம். அப்படிக் கூப்பிடுங்க, திரும்புவா."

ஜூன் 11
வகுப்புத் தேர்வு. வாயால் கேட்டால் சரியாக விடை சொல்லும் சோம் ஒரு கணக்கும் போடவில்லை. பெயர்க் கோட்டில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். மணி அடித்தபோது அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மறுதேர்விலும் தோற்றால் அறிவியல் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளிடம் என்ன கேட்பது? கேட்கவில்லை.

ஜூன் 12
பிளாவிடம் கேட்டேன்.
"பழைய பேரு ருங்நபா, சார். அவங்க அப்பா வெச்சது. அவரு போன வருஷம் செத்துப் போயிட்டாரு. இவ போன பரீட்சையில கணக்குல ஃபெயிலானதும் அம்மா பிக்குகிட்ட ஓடுனாங்க. வெள்ளிக்கிழமை பொறந்தவளுக்குப் பேருல 'ர' ஆகாதாம்."
"அவ ஒண்ணும் சொல்லலையா?"
"அவங்க அம்மாகிட்ட யாரு சார் பேசி ஜெயிக்கிறது? வேணும்னா நீங்க போய்ப் பேசுங்க."
நான் பேசமாட்டேன். பிளாவுக்கும் அது தெரிந்திருக்கிறது.

ஜூன் 19
மறுதேர்வுத் தாளைப் பெயர்க் கோடு இல்லாமல் அச்சுக்குக் கொடுத்தேன். வரிசை எண் மட்டும். இது உதவியா, தில்லுமுல்லா?

ஜூன் 20
மறுதேர்வு. தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும், "பேரு எழுத இடமே இல்லையே சார்! மறந்துட்டீங்களா?" என்றார்.
"ஆமா மேடம். வயசாயிடுச்சு."
"அதான் தெரியுதே."
சோம் எண்ணை எழுதினாள். நேராக முதல் கணக்குக்குப் போனாள்.

ஜூன் 24
தேறிவிட்டாள். சுமார்தான்.

ஜூன் 27
சோமின் அம்மா மங்குஸ்தான் பழங்களோடு வந்தார். "பாத்தீங்களா சார், புதுப் பேரு வேலை செய்யுது!"
செய்கிறது என்றேன்.
"நீங்க என்ன கிழமை?"
"வெள்ளி."
"சுரசித்... அட, உங்க பேருலயும் 'ர' இருக்கே! அதான் தாள்ல பேருக்கு இடம் விடவே மறந்திருக்கீங்க. சீக்கிரம் மாத்திக்குங்க."
யோசிக்கிறேன் என்றேன். பழம் நன்றாக இருந்தது.

ஜூலை 2
சோம் தானாகவே எழுந்து வந்து பலகையில் கணக்குப் போட்டாள். தப்பு. "ஐயோ" என்று சிரித்து அழித்தாள். மறுபடியும் தப்பு.
"சார், எங்க கோட்டை விட்டேன்?"
எனக்கும் உடனே தெரியவில்லை. இருவரும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.